ரெண்டு பேச்சா எழுதி வச்சுக்க பேராண்டி

நாளைக்கு மேடையேறி மாநில உரிமை பேசப் போறியாமே, பேராண்டி? பேசு, பேசு. மைக்செட்டுக்குக் காசு குடுத்தாச்சுல்ல. ஆனா டெல்லி அதிகாரம்னா என்னமோ இன்னைக்கு இருக்கிறவன்தான் கண்டுபிடிச்சான்கிற மாதிரி பேசித் தொலைக்காதே. கூட்டத்துல என்னை மாதிரி வேலையத்த கிழம் எவனாவது உக்காந்திருப்பான்.

1946 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில நேரு ஒரு தீர்மானம் கொண்டாந்தாரு. டெல்லிக்குன்னு குடுத்தது போக மிச்ச அதிகாரமெல்லாம் மாகாணங்களுக்கேன்னு அதுல இருந்துச்சு. முஸ்லிம் லீக்கையும் உள்ள கூட்டிக்கணும்னு கணக்கு. அடுத்த ஜூன்ல நாடு ரெண்டாகும்னு ஆச்சு. ஜூலையிலயே, மத்திய அரசு பலமா இருக்கணும்னு சபையோட கமிட்டி எழுதிக் குடுத்துருச்சு. மிச்ச அதிகாரமும் டெல்லிக்குப் போயிருச்சு. சம்பந்தி வரலைன்னதும் பாயசத்தை உள்ள எடுத்து வச்ச கதைதான். இப்படிப் போனா மாகாணங்க டெல்லி வாசல்ல கையேந்தணும்னு நம்ம ஊரு கே. சந்தானம் அப்பவே எச்சரிச்சாரு. நல்லாக் கேட்டுக்கிட்டாங்க. அதோட சரி.

கவர்னர் விஷயம் இன்னும் ருசி. ஜனங்க ஓட்டுப் போட்டே கவர்னர் வரணும்னுதான் 1947ல முடிவு. பெறகு யோசிச்சாங்க: ஓட்டு வாங்கின கவர்னரும் ஓட்டு வாங்கின முதலமைச்சரும் ஒரே ஊருல இருந்தா சண்டை வருமேன்னு. அதனால 1949ல நியமனம்னு மாத்திட்டாங்க. இப்ப பாரு, சண்டையே இல்ல! கவர்னர் மாளிகையும் கோட்டையும் ஒட்டிப் பொறந்த மாதிரி கொஞ்சிக் குலாவுது.

மாநில ஆட்சியைக் கலைக்க அரசியல் சட்டத்துல அந்த 356வது பிரிவு இருக்கே, அதுக்கு அப்பன் வெள்ளைக்காரன். 1935 சட்டத்துல 93வது பிரிவுன்னு வச்சு, மந்திரிசபை இல்லாம கவர்னரே ஆளலாம்னான். அதைத் திட்டின வாயே அதை மறுபடி எழுதுச்சு. சபையில எச்.வி. காமத் வேண்டாம்னு கத்திப் பார்த்தாரு. அம்பேத்கரோ, இது ஏட்டோட நின்னுரும்னு நம்பினாரு, பாவம். 1959ல கேரளத்துல நம்பூதிரிபாடு ஆட்சி போச்சு. 1977ல ஜனதா வந்து ஒம்போது காங்கிரஸ் ஆட்சியைக் கலைச்சுது. 1980ல இந்திரா திரும்பி வந்தாங்க. அவங்களும் கணக்குத் தப்பாம ஒம்போது. அதுல நம்ம எம்.ஜி.ஆர் ஆட்சியும் ஒண்ணு. 1994ல சுப்ரீம் கோர்ட்டுல எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்த பெறகுதான் கை கொஞ்சம் கூசுச்சு.

அதனால ரெண்டு பேச்சா எழுதி வச்சுக்க. டெல்லியில உன் ஆளு இல்லாதப்ப மாநில சுயாட்சி. கூட்டணி மாறி உன் ஆளுக்கு மந்திரி பதவி கெடைச்சா நாட்டு ஒற்றுமை. தேதியை மட்டும் சரியாப் பார்த்துக்க.

இன்னொண்ணு. முன்வரிசையில நம்ம பஞ்சாயத்துத் தலைவரு உக்காந்திருப்பாரு. அதிகாரத்தைக் கீழ எறக்குன்னு நீ முழங்குறப்ப அவரு மூஞ்சியைப் பார்த்துராதே. 1992 அரசியல் சட்டத் திருத்தத்துல பஞ்சாயத்துக்குன்னு எழுதின 29 இனத்துல உங்க கோட்டை எத்தனையை முழுசா எறக்குச்சுன்னு மைக்கைப் பிடுங்கிக் கேட்டாலும் கேப்பாரு.