199ஏ பிரிவு அவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனுப்புநர்: பிளஸ் ஒன் பையன்களைப் பெற்ற தகப்பன்மார், திண்டுக்கல்.

பெறுநர்: உயர்திரு 199ஏ பிரிவு அவர்கள், மோட்டார் வாகனச் சட்டம், புது டெல்லி.

பொருள்: எங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

2019 செப்டம்பரில் தாங்கள் பொறுப்பேற்றபோது செய்தித்தாளைப் படித்துவிட்டு நாங்கள் நடுங்கியது உண்மை. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் ஒரு சாவியை ஒளிக்க இடமா இல்லை? ஒளித்தோம். கொஞ்ச நாளில் தாங்கள் வரப்போவதில்லை என்று தெரிந்தது. சாவி மறுபடி டிவி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது.

இங்கே எல்லாம் நலம். விடிகாலை டியூஷனுக்கு ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் போகிறார்கள். நடுவில் இருப்பவன் மடியில் மூன்று பை. பெட்ரோல் போட்டவன் எவனோ அவனே அன்றைய டிரைவர். பஸ்ஸில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அந்த நேரத்துக்கு டவுன் பஸ் உண்டா என்று யாரும் விசாரித்தது கிடையாது, நாங்கள் உட்பட. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால், “எங்க பய எட்டாங்கிளாஸ்லயே புல்லட்டைக் கிளப்பிட்டாம்ல” என்று ஒருவர் ஆரம்பிப்பார். மாமன்மார் அவன் தோளைத் தட்டிக் கொடுப்பார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனை இவ்வளவு பேர் தட்டிக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

தங்கள் மூத்த அண்ணன் 4ஆம் பிரிவு தாராள மனசுக்காரர். 50 சிசிக்கு மேற்படாத பைக்கை 16 வயதிலேயே ஓட்டலாம் என்கிறார். டி.வி.எஸ். 50 ஓடிய காலத்துப் பேச்சு அது. இன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி சுமக்கிற எக்ஸ்.எல். 100-க்கே 99.7 சிசி. அண்ணன் சொல்லும் வண்டியைக் கேட்டால் ஷோரூம்காரர் சிரிக்கிறார். 250 வாட் மோட்டாரில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸே வேண்டாம்தான். ஆனால் அதில் போவதற்கு நடந்தே போகலாம் என்கிறான் பையன்.

பதினெட்டு ஆனதும் எல்.எல்.ஆர். போடுகிறோம். முப்பது நாள் கழித்துப் போய்க் காலை ஊன்றாமல் ‘எட்டு’ போட்டால் பாஸ். அந்த எட்டுக்குள் எதிரே பஸ் வராது. இருட்டாது. பின்னால் உட்கார்ந்து “முறுக்குடா மாப்ள” என்று சொல்ல ஆள் கிடையாது. கரூரிலிருந்து மதுரைக்குப் போகும் நான்கு வழிச்சாலையில், யு-டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் வருகிறவரும் அந்தத் தேர்வு மைதானத்தில் இருக்கமாட்டார். தைப்பூசம் நெருங்கினால் பழனி ரோட்டில் இரவெல்லாம் பாதயாத்திரைக்காரர்கள் நடப்பார்கள். எதிர் லாரியின் ஹை பீம் கண்ணில் அடிக்கும் அந்த ஒரு நொடியில், ஓரத்தில் நடப்பவர் எங்கே இருக்கிறார் என்று கணிப்பது எப்படி? பிரேக்கைப் பிடிப்பதா, ஹேண்டிலை ஒடிப்பதா? பையனுக்குத் தெரியாது, எந்தத் தேர்விலும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்ட பழகுநர் கார் ஓட்டும் தேர்வுக்குப் போவதற்குள் 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குக் காட்ட வேண்டுமாம், அதில் 20 மணி நேரம் இரவில். புது லைசென்ஸ்காரர் நடுராத்திரியில் கூட்டாளிகளை ஏற்றவும் கட்டுப்பாடு உண்டு. பாவம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டு போடத் தெரியாது போலிருக்கிறது.

எட்டு போடத் தெரிந்த நம் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள்: 2022-இல் நாட்டில் அதிக சாலை விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான், 64,105. அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

தங்கள் பெயர் உச்சரிக்கப்படுவது எப்போது என்பதையும் கவனித்தோம். 2024 மே மாதம் புணேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் இரண்டு பேரைக் கொன்றது. சிறார் நீதி வாரியம் முதலில் அவனை 300 சொல்லில் விபத்து பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது. நாடே கொதித்த பிறகு உத்தரவு மாறியது. எங்கள் பிள்ளைகளிடம் போர்ஷே இல்லை, நூற்றுப்பத்து சிசிதான். மோதினால் டீக்கடை பெஞ்சில் நாலு நாள் பேச்சு, அப்புறம் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் இருப்பது பெரும்பாலும் ஓட்டியவனின் படமே. நாடு கொதிக்க அது போதாது.

ஆகவே ஐயா, பிணவறை வாசலுக்கு மட்டும் வருகிற வழக்கத்தை விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு ஒருமுறை வாருங்கள். யாரும் சாகாத, சும்மா ஒரு திங்கட்கிழமையில் வாருங்கள். வரும்போது எட்டைத் தவிர வேறு எதையாவது சொல்லிக் கொடுக்க ஒரு ஆளையும் கையோடு அழைத்து வாருங்கள். முதல் கேஸை எங்கள் பேரிலேயே எழுதுங்கள்.