தென்னை பிடித்துவைத்த ட்ரோன்

கேள்வி: மகன் பறக்கவிட்ட ட்ரோன் தோட்டத்துத் தென்னை உச்சியில் மாட்டிக்கொண்டது. கல்லெறிந்தும் விழவில்லை. என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கல்லால் அடிக்க அது மாங்காய் இல்லையே! கல்லைக் கீழே போட்டுவிட்டு, முதலில் ரிமோட்டில் மோட்டாரை நிறுத்துங்கள். மட்டையில் சிக்கிய விசிறி சுழலத் திணறினால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். கேமரா உயிரோடு இருந்தால் திரையைப் பாருங்கள். பாளையும் குரும்பையும் தெரிந்தால் கொண்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மட்டை நுனியில் தொங்கினால் அடுத்த காற்றுக்கே இறங்கிவிடும், கீழே போர்வையைப் பிடித்து நில்லுங்கள்.

மற்றபடி, மரமேறுகிறவரைக் கூப்பிடுவதே சரி. ட்ரோன் மெக்கானிக் இல்லாத ஊரிலும் தேங்காய் பறிக்க ஆள் உண்டு. உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவர் அவர்; கூலியில் பேரம் வேண்டாம். ட்ரோனைப் பைக்குள் வைத்துக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள். மகனை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் துரட்டியையும் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

கைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, லித்தியம் தீப்பிடிக்கும்.

பல ட்ரோன்கள் சிக்னல் அறுந்தால், குறித்துவைத்த உயரத்தில் நேர்கோடாக வீடு திரும்பும். நெட்டை ரகத் தென்னை 25 மீட்டர்கூட வளரும். அடுத்த முறை ட்ரோன் திரும்பும் உயரத்தை 40 மீட்டருக்கு மாற்றிவிட்டுப் பறக்கவிடச் சொல்லுங்கள்.