மாமாவின் பென்ஸும் ஒரு சின்னப் பட்டனும்

ஓடைப்பட்டியில் விதையில்லா திராட்சைக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் எது என்று தெரிய வேண்டுமானால் கணக்குப் புத்தகம் பார்க்க வேண்டாம். வீட்டு வாசல்களைப் பார்த்தால் போதும். ஒரு வீட்டில் மாடி எழும்பியிருக்கும், இன்னொரு வீட்டில் புது டிராக்டர் மாலையோடு நிற்கும். என் தாய்மாமா வீட்டு வாசலில் பென்ஸ் வந்து நின்றது.

புதுசு இல்லை. இ-கிளாஸ், 280 சிடிஐ. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. மாமா கொடுத்த காசுக்கு ஒரு புது ஸ்விஃப்ட்கூட முழுசாக வராது. “நாப்பது லட்சத்து வண்டி மாப்ள, அடிமாட்டு விலைக்கு முடிச்சிட்டேன்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பழைய பென்ஸ் ஏன் அவ்வளவு மலிவு என்ற ரகசியம் முதல் ஹெட்லைட் உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் டிக்கியைத் திறக்கச் சொல்லி, எத்தனை பெட்டி பழம் ஏற்றலாம் என்று கையால் முழம் போட்டார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “இது 190 குதிரைப் பவர்ணே” என்றார். அவர் அசரவில்லை. “அத்தனை குதிரைக்கு எட்டுப் பெட்டிதானா?”

அந்தக் குதிரைகளின் மானம் சீப்பாலக்கோட்டை ரோட்டில் போனது. ஆட்டுமந்தை ஒன்று ரோட்டைக் கடந்ததில் பென்ஸும், பக்கத்தில் பழம் ஏற்றிய ஒரு குட்டி யானை மினி லாரியும் நின்றன. மந்தை விலகியது. குட்டி யானைக்காரன் கிளட்சை விட்டான், புகையைக் கக்கினான், போய்விட்டான். மாமா அக்சிலரேட்டரை மிதித்தார். பென்ஸ் முதலில் யோசித்தது. யோசித்து முடித்துத் தயாரானபோது முன்னால் திராட்சை வாசமும் டீசல் புகையும்தான் மிச்சம் இருந்தன. 2005இல் வந்த அந்த முதல் குட்டி யானைக்கு இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை. பென்ஸுக்கு ஆறு சிலிண்டர். இந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் மாமாவிடம் சொல்லவில்லை. டீக்கடையில் மறுநாள் சொன்னார்கள்.

டீக்கடை வைத்தியம் ஆரம்பமானது. டர்போ போய்விட்டது என்றார் ஒருவர். டீசலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். ஆடிக்காற்று எதிர்த்து அடிக்கிறது, அதனால்தான் இங்கே சுற்றிலும் காற்றாலை நட்டிருக்கிறான் என்று விஞ்ஞானம் பேசினார் மூன்றாமவர். அத்தை இது கண்ணேறுதான் என்று எலுமிச்சம்பழம் கட்டினார். எலுமிச்சம்பழத்துக்குப் பிறகும் வண்டி யோசித்துத்தான் கிளம்பியது.

கடைசியில் சின்னமனூரிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பி வந்தான். போனட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கியர் லீவருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பட்டனை ஒரு விரலால் அழுத்தினான். மீட்டரில் ‘சி’ மறைந்து ‘எஸ்’ வந்தது. “வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. இத்தனை நாளும் சி-யில ஓட்டிருக்கீங்க.”

அந்த ‘சி’தான் விஷயம். கம்ஃபர்ட் என்று அர்த்தம். இந்த வண்டியில் இருப்பது 2003இல் மெர்சிடிஸ் அறிமுகம் செய்த 7ஜி-டிரானிக் கியர்பெட்டி. அதில் முன்னால் போக ஏழு கியர். முதல் கியரில் பெட்டிக்குப் பின்னால் உள்ள தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இஞ்சின் 4.377 சுற்றுச் சுற்றிவிடும். இரண்டாம் கியரில் அதுவே 2.859. சி-யில் போட்டு மெதுவாக மிதித்தால் வண்டி முதல் கியரைத் தொடாமல், நேரே இரண்டாவதில்தான் கிளம்பும். மூட்டை சுமக்கிறவன் முதல் படியைத் தாண்டி இரண்டாம் படியில் கால் வைத்து ஏறுகிற மாதிரி. சக்கரத்துக்குப் போகிற இழுவையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காணாமல் போகிறது. ஒன்றேமுக்கால் டன் எடை, டர்போ இன்னும் விழிக்காத டீசல் இஞ்சின், அதற்கு மேல் இது. சாதாரண கியர் வண்டியில் இப்படிக் கிளம்பினால் வண்டி குலுங்கி நம்மைத் திட்டும். இஞ்சின் அணைந்தும் போகும். இங்கே நடுவில் எண்ணெய் சுழலும் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால் குலுக்கலும் இல்லை, திட்டும் இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னால் எடுப்பதற்கும் இரண்டு கியர் வைத்திருக்கிறான் ஜெர்மன்காரன். சி-யில் ரிவர்ஸும் நிதானம்தான்.

இந்த ஏற்பாடு எதற்கு? பனிக்கட்டி மூடிய ரோட்டில் சக்கரம் வெறுமனே சுற்றி வழுக்காமல் இருக்க. இதன் முன்னோடியான பழைய பென்ஸ்களில் அந்தப் பட்டனில் ‘டபிள்யூ’ என்றே போட்டிருப்பார்கள், வின்டர். ஓடைப்பட்டியில் பனி என்றால் மார்கழி விடியலில் பந்தல் இலையில் நிற்பதுதான். அதில் டயர் வழுக்கி இதுவரை யாரும் விழுந்ததில்லை.

எஸ்-இன் வெள்ளோட்டம் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போகும்போது நடந்தது. பின்சீட்டில் அத்தை, மடியில் தூக்குவாளி நிறைய மொச்சைக் குழம்பு. மாமா பழைய பழக்கத்தில், சி-க்கு மிதிக்கிற அளவே மிதித்தார். வண்டி முதல் கியரில் எகிறிக் கிளம்பியது. குழம்பில் பாதி அத்தையின் சேலையில், மீதி டாக்டர் பத்திரமாக வைத்திருந்த தோல் சீட்டில். “மெதுவா போகத் தெரியாத வண்டிய எதுக்குய்யா வாங்குன?” என்றார் அத்தை. முந்தின வாரம் வரை ஊரே எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. மாமாவுக்கு எந்தப் பக்கம் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு டீக்கடையில் எஸ் பட்டனுக்குப் பெரிய மரியாதை. அதை அழுத்தினால் கூடுதலாக ஐம்பது குதிரை வந்து சேரும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஒரு குதிரைகூட வராது. அதே 190தான். எஸ்-இல் வண்டி முதல் கியரில் கிளம்பும், அடுத்த கியருக்கு அவசரப்பட்டுத் தாவாது, கால் வைத்ததும் கீழ் கியருக்குச் சட்டென்று இறங்கும். அவ்வளவே. இந்த டீசல் இஞ்சின் 1,400 சுற்றிலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும், 2,800 வரை அது குறையாது. ஆகவே வண்டி உருண்டு ஓட ஆரம்பித்த பிறகு இரண்டு மோடுக்கும் நடுவே ஊர்ப் பெருமைக்குத் தேவையான அளவு வித்தியாசம் கிடைக்காது.

இன்னொன்றையும் மெக்கானிக் தம்பி சொன்னான். முழுசாக மிதித்தால் சி-யிலும் வண்டி முதல் கியரில்தான் கிளம்பும். “அடி வரைக்கும் மிதிங்கண்ணே. டக்குனு ஒரு தடை வரும். அதையும் தாண்டி மிதிக்கணும். கிக்டவுன்னு பேரு.”

“தாண்டி மிதிச்சு உடைஞ்சா நீ தருவியா?” என்றார் மாமா.

வேகக்குறைவின் வேர் அங்கேதான் இருந்தது. மாமாவின் வலது கால் அந்த மிதியில் பாதிக்குக் கீழே போனதே கிடையாது. மிதி இறங்க இறங்க டீசல் முள் இறங்குகிறது என்பது அவர் கண்ணுக்கு அப்படியே தெரியும். பென்ஸ் வாங்குகிற தைரியம் வேறு, பென்ஸை மிதிக்கிற தைரியம் வேறு.

பழி கொஞ்சநாள் டாக்டர் மேலும் விழுந்தது. அவர் நிதானமாக ஓட்டி, வண்டி அவர் காலுக்கே பழகிவிட்டதாம். பாதி உண்மை. கிளட்சுத் தட்டுகள் தேயத் தேய எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதைப் பெட்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஓட்டுகிறவர் குணத்தை அது வருஷக்கணக்கில் சுமந்து திரிவதில்லை; புதுக்கால் வந்தால் சீக்கிரமே அதன் போக்குக்கு மாறிக்கொள்ளும். மாமாவிடம் வந்த பிறகு அது மாமாவையும் கற்றுக்கொண்டது. கற்றுக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்பது டாக்டரின் குற்றமா?

என்னைக் கேட்டால் இந்த வண்டியில் உருப்படியான வேலை அந்தப் பட்டனில் இல்லை, லீவரில் இருக்கிறது. டி-யில் கிடக்கும்போது அதை இடது பக்கம் தட்டினால் ஒவ்வொரு கியராகக் கீழே இறங்கும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்குகிற வளைவுகளில், பெரியாறு மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களைத் தாண்டும்போது, மூன்றாம் கியரில் பிடித்துவைத்தால் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் கருகுகிற நாற்றம் வராது. இதைச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு பிரேக்கிலேயே இறங்கினார். லீவரைத் தட்டினால் தேய்ந்துவிடுமாம்.

பட்டனை மட்டும் விடவில்லை. தனியாகப் போனால் எஸ், குடும்பத்தோடு போனால் சி என்று ஒரு ஒப்பந்தம் வீட்டில் ஏற்பட்டது. அதை மாமா ரகசியமாக மீறுவார் என்பது அத்தைக்குத் தெரியும். மீட்டரில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தேவையில்லை. வண்டி கிளம்பும் உறுமலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். இப்போதெல்லாம் அத்தை பின்சீட்டில் உட்காருவதில்லை. முன்சீட்டில்தான் உட்காருகிறார். அங்கிருந்து பட்டன் கைக்கு எட்டுகிறது.