தாளிப்புத் தொலைவு: தொட்டிக் கறிவேப்பிலை பற்றி ஓர் ஆய்வு

நகரத்து வீட்டுத் தோட்டத்தைச் சதுர அடியில் அளப்பது இதுவரையிலான வழக்கம். அது பிழை, கடுகு வெடிப்பதற்கும் கருகுவதற்கும் இடைப்பட்ட நொடிகளே சரியான அலகு என்பது இவ்வாய்வின் துணிபு. சான்று, தொட்டிக் கறிவேப்பிலை. காய் வாங்கினால் கடைக்காரர் கொசுறாகவே போட்டுவிடும் பொருள் அது. தட்டின் ஓரத்தில் பெரும்பாலோர் ஒதுக்கி வைப்பதும் அதைத்தான். காசு கொடுத்து வாங்காத, மென்று தின்னாத ஒன்றுக்காக மூன்று மாடி மண் சுமப்பானேன்? பொருளியலில் இதற்கு விடை இல்லை, அடுப்படியில் இருக்கிறது. எண்ணெய் காய்ந்து, கடுகு படபடத்து, உளுத்தம்பருப்பு சிவக்கத் தொடங்கிய பிறகுதான் கறிவேப்பிலை இல்லை என்பது எந்த வீட்டிலும் தெரியவரும். அதன் மணம் சூடான எண்ணெயில்தான் முழுதாக இறங்கும். பிறகு தூவுவதெல்லாம் மனச் சமாதானம். ஆகவே அந்தச் சில நொடிக்குள் ஓடி, உருவி, திரும்பும் தூரத்தில் செடி நிற்க வேண்டும். (கழுவினால் ஈரத்தையும் உதற வேண்டும்; எண்ணெய் தெறிக்கும்.) இத்தூரத்தையே தாளிப்புத் தொலைவு என்கிறோம்.

ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் கறுத்துப்போன இலையும் இருக்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. பத்து நிமிடத்தில் கடுகு கரியாகி, புகை கூடம்வரை வந்திருக்கும். சற்றே கனமான மறுப்பு, மாடியில் கத்தரியும் தக்காளியும் வளர்ப்போர் தரப்பிலிருந்து வருகிறது. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, தென்னைநார்க் கழிவுக் கட்டியையும் காய்கறி விதைகளையும் மானியத்தில் கொடுத்தபோது நம் அலகு கருதப்படவில்லை. கத்தரிக்காய் பத்து நொடி தாமதமானதால் கெட்ட குழம்பு உலகில் இல்லை. எனவே மாடிக் கத்தரி வேளாண்மையில் சேராது. காய்த்ததும் படமெடுத்து உறவினர்க்கெல்லாம் அனுப்பப்படுவதால் தகவல் தொடர்பில் சேரும்.

எஞ்சுவது வண்ணத்துப்பூச்சி. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆதலால் எலுமிச்சையில் முட்டையிடும் பூச்சிகள் இதையும் தேடி வருகின்றன. இளம்புழு பறவை எச்சம்போல் இருக்கும். பறவையே ஏமாறும்போது வீட்டுக்காரர் எம்மாத்திரம்? விளைச்சலில் பெரும்பங்கு புழுவுக்கே போவதால் இது மனிதப் பயிரே அல்ல என்று வாதிடலாம். ஆனால் புழு செடியிலேயே குடியிருக்கிறது. அதன் தாளிப்புத் தொலைவு சுழியம். மறுக்க வந்த சான்று நம் பக்கமே சாய்கிறது. அது தாளிப்பதே இல்லையே என்று கேட்போருக்கு: கடுகு கருகும் கவலை இல்லாததால்தான் அது அவசரமின்றி, கிளை மொட்டையாகும்வரை உட்கார்ந்து தின்கிறது.