கம்பி வராது, கணக்கு மட்டும் வரும்

வீட்டுக்கு இணையம் வேண்டும். தொலைபேசியும் டிவியும் வேண்டாம். ஜொகூரின் லாபிஸ் பட்டணத்தில் இப்படிக் கேட்டவனை வெகுகாலம் விசித்திரப் பிராணியாகத்தான் பார்த்தார்கள். ஸ்ட்ரீமிக்ஸ் என்ற பழைய இணையச் சேவையின் காலத்தில் வீட்டுத் தொலைபேசி இருந்தால்தான் இணையம். 2010இல் யூனிஃபை என்ற கண்ணாடி இழை இணையம் வந்தது. 149 வெள்ளித் தொகுப்பில் தொலைபேசியும் ஹிப் டிவியும் ஒட்டிக்கொண்டே வந்தன. அரிசி வாங்கப் போனவன் தலையில் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஏற்றி அனுப்பும் வியாபாரம்!

யூனிஃபைக்கு அடித்தளமான அதிவேக இணையத் திட்டத்தின் செலவு 11.3 பில்லியன் ரிங்கிட். அதில் 2.4 பில்லியன் அரசாங்கப் பணம், அதாவது நம் பணம். கம்பி முதலில் போனதோ கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இஸ்கந்தாருக்கும்.

லாபிஸைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டத்து லயங்களுக்கு இந்தத் தொகுப்புத் தொல்லையே கிடையாது. அங்கே சேர்த்தும் விற்க மாட்டார்கள், தனியாகவும் விற்க மாட்டார்கள். விலாசத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஏரியாவுல போர்ட் இல்ல, அங்கிள்" என்பான் கடைப் பையன். எப்போது வரும்? "மேலேருந்து சொல்லணும்." மேலே கேட்டால், தோட்டம் தனியார் நிலமாம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்கச் சொன்னது. இணையத்தை அன்று யார் கண்டார்கள்? சரி, கண்ட பிறகாவது?

2020இல் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் பாடத்தைக் கைப்பேசிக்குள் தள்ளினார்கள். சபாவில் ஒரு மாணவி சிக்னல் தேடி, தேர்வெழுத மரத்தில் ஏறினார். அவருக்கு அன்று தேர்வே இல்லை என்று நாடாளுமன்றத்தில் அடித்துச் சொன்னார் ஒரு துணையமைச்சர். பிறகு மன்னிப்புக் கேட்டார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தச் சாதனையையும் செய்ய முடியாது. செம்பனை மட்டை முழுக்க முள்.

அதே ஆண்டு ஜெண்டேலா என்ற அரசாங்க இணையத் திட்டம் பிறந்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி, 75 லட்சம் வீடு, கடைகளைத் தொட்டுச் செல்லும் கண்ணாடி இழை என்று இலக்கு வைத்தார்கள். கம்பி வாசலைக் கடந்து போனாலே கணக்கில் ஒரு வீடு! உள்ளே வந்ததா என்பது உங்கள் பாடு. மிச்சமுள்ள 3.1 விழுக்காட்டில் யார் இருப்பார்கள் என்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை.

கிராமப்புறச் சேவைக்கென்றே பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருமானத்தில் 6 விழுக்காட்டை ஒரு நிதியில் கட்டுகின்றன. லயத்துப் பாட்டி போடும் பத்து வெள்ளி டாப் அப்பும் அந்த வருமானத்தில் சேர்த்திதான். பாட்டியின் காசு கோலாலம்பூர் போக வழி தெரிகிறது. திரும்பி வரத்தான் தெரியவில்லை.

2023இல் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வந்தது. தொலைபேசி வேண்டாம், டிவி வேண்டாம், கம்பியே வேண்டாம். கேட்டது கிடைத்துவிட்டது! அப்போது தட்டுக்கு 2,300 வெள்ளி, மாதம் 220. அன்றைக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500. இரண்டு மாதம் பட்டினி கிடந்தால் வானத்தைப் பிடித்திருக்கலாம்.

வழியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2011 ஜனவரி 30, தெனாங் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல். லாபிஸ் வட்டாரமே வெள்ளக்காடு. வாக்களிப்பை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கவில்லை. வாக்காளர்களை ஏற்றிப்போக லாரியும் படகும் வந்தன. தண்ணீர், மின்சாரம் வரிசையில் இணையத்தையும் சட்டத்தில் எழுதுங்கள். வாசலைக் கடந்த கம்பியை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்த கம்பியை எண்ணுங்கள். வெள்ளத்தில் வழி கண்டுபிடித்த மகான்களே, வெயிலில் எங்கே தொலைந்து போனீர்கள்?