செயின் போன கார்... வாங்கலாமா?

? 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ‘டைமிங் செயின் போயிருக்கு, மாத்திட்டா ஓடிடும்’ என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
- வாசகர், திருப்பூர்

செயினை மாற்றிவிடலாம். அது போன நொடியில் உள்ளே என்ன உடைந்தது என்பது புரோக்கருக்கும் தெரியாது. அந்த வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் ஓடியது இதே இன்ஜின்தான். பிஸ்டன் ஏறி வரும் இடத்துக்கே வால்வும் இறங்குகிறது. இரண்டும் இடித்துக்கொள்ளாமல் முறை வைத்து ஓட்டுவது செயின். அது அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்தபடி நின்ற வால்வை பிஸ்டன் வந்து அடிக்கும். இந்த இன்ஜினில் பெரும்பாலும் ராக்கர் ஆர்ம் முதலில் உடையும். அதோடு போனால் அதிர்ஷ்டம். வால்வு வளைந்திருந்தால் ஹெட் வேலை. பிஸ்டனில் அடி என்றால் முழு இன்ஜின் வேலை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கழற்ற விடமாட்டார்கள் என்றால், இன்ஜின் மொத்தமும் போனதாகவே வைத்து விலை சொல்லுங்கள்.

? ஏற்கெனவே செயின் மாற்றிய பெட்ரோல் கார். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிப் பார்த்தால் போதாதா?
- வாசகர், மதுரை

போதாது. லேசாக வளைந்த வால்வோடும் வண்டி ஸ்டார்ட் ஆகும், நாலு தெரு ஓடவும் செய்யும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

கூடவே கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். நீங்கள் கவனிக்க வேண்டியது வித்தியாசத்தை. 180, 175, 180 என்று காட்டிவிட்டு நான்காவது 60 பி.எஸ்.ஐ. என்றால் அதை விடாதீர்கள். அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவே இல்லையென்றால் முதல் சந்தேகம் வால்வு மேல்.

சந்தேகம் தீர, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி கம்ப்ரஸர் காற்றை உள்ளே செலுத்துவார்கள். சைலன்ஸர் வாயில் ‘உஸ்’ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். பிளக் துளை வழியே விடும் வயர் கேமராவும் இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது. பிஸ்டன் தலையில் பிறை வடிவில் கூரான வெட்டு தெரிந்தால், வால்வு இடித்த இடம் அது. கம்பெனியிலேயே வார்த்த பள்ளமும் பல பிஸ்டன்களில் உண்டு; அதன் ஓரம் ஒழுங்காக, வழவழப்பாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

? செல்ஃப் அடித்தால் ‘விர்’ரென்று சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிதான் வீக் என்கிறார் விற்பவர்.
- வாசகர், சேலம்

பேட்டரி இறங்கிய வண்டி முக்கி முனகித்தான் சுற்றும். தடையே இல்லாமல் வேகமாகச் சுற்றினால் உள்ளே அழுத்தம் நிற்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். இனி ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்க விடாதீர்கள்; இதுவரை தப்பிய வால்வும் அதில் போய்விடலாம்.

? ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே?
- வாசகர், ஈரோடு

கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்றால் ‘பி0016’ கோடு வரும். வளைந்த வால்வை ஸ்கேனர் காட்டாது. தவிர, விற்பவர் முந்தின நாளே கோடை அழித்திருக்கலாம்.

? செயின் வண்டி என்றால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்களே?
- வாசகர், தஞ்சாவூர்

ஆயிலை நேரத்துக்கு மாற்றியவருக்குக் கவலை குறைவு, அவ்வளவுதான். பெரும்பாலான வண்டிகளில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. அழுக்கு ஆயிலில் செயினும் தேயும், டென்ஷனரும் தளரும். காலை முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிகள் ‘கடகட’வென்று சத்தம் வந்தால், எச்சரிக்கை வந்துவிட்டது.

? செயின் மாற்றிய பில் காட்டுகிறார்கள். அதில் என்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், நாகர்கோவில்

செயின் மட்டும் இருந்தால் அரைகுறை வேலை. டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாம் செட்டாக மாற்றியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஆயில் சம்ப்பைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். உடைந்த பிளாஸ்டிக் கைடின் துணுக்குகள் சம்ப்பில் விழுந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் ஏறாமல் கொஞ்ச நாளில் பேரிங்கும் போகும். புதுச் செயின் போட்டும் பலனில்லை. சம்ப்பைக் கழற்றியதற்கு அத்தாட்சி இல்லையென்றால், உங்கள் செலவிலாவது கழற்றிப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.