சந்தேக நபரைக் கட்டிக்கொள்ளலாமா?

துப்பறியப் போன இடத்தில், கொலை செய்திருப்பாளோ என்று சந்தேகிக்க வேண்டியவள் மேலேயே மனதைப் பறிகொடுக்கும் அதிகாரியின் கதைக்காகப் பார்க் சான்-வூக்குக்கு 2022இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தார்கள். ‘டிசிஷன் டு லீவ்’ என்ற அந்தக் கொரியப் படத்தில் அதிகாரி பாவம், தூக்கம் வராமல் அலைகிறார், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். ஒரு டூயட்டுக்கு வழியில்லை. இதே சங்கதியை நாம் 1964இலேயே கப்பலில் வைத்து, ஈஸ்ட்மென் கலரில், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையோடு முடித்துவிட்டோம். படம் ‘புதிய பறவை’.

அறுபது வருஷம் கழித்து முடிவைச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் கப்பலில் சிவாஜி, சரோஜாதேவியைக் கண்டு காதலிக்கிறார். முதல் மனைவி ரயிலில் அடிபட்டுத் தற்கொலை செய்துகொண்டதாக அவர் கணக்கு. கல்யாணம் கூடிவரும் நேரத்தில், செத்துப்போன சௌகார் ஜானகி, மாமா எம்.ஆர். ராதாவையும் கூட்டிக்கொண்டு உயிரோடு வந்து நிற்கிறார். ‘இவள் அவள் இல்லை’ என்று நிரூபிக்கத் தவித்த சிவாஜி, கடைசியில் ‘அவளைத்தான் நானே அடித்துச் சாகடித்தேனே’ என்று உண்மையைக் கக்கிவிடுகிறார். உடனே சபையில் எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். மாமா போலீஸ். வந்த மனைவி போலீஸ். காதலியும் காதலியின் அப்பாவும்கூடப் போலீஸ். மாப்பிள்ளை ஒருவர்தான் பொதுமக்கள்.

இந்தக் கதைக்கு வேர் 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படம். அதில் திரும்பி வருவது செத்துப்போன அண்ணன். வங்காளம் வழியாக நம்மிடம் வந்து சேர்வதற்குள் அண்ணன் மனைவியாகிவிட்டான். நியாயம்தான். அண்ணன் திரும்பி வந்தால் சொத்தில் பங்கு கேட்பான், அதோடு போச்சு.

குமரி மாவட்டத்துப் புதுக்கடையில் எங்கள் மாமியோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது தனி அனுபவம். துப்பறியும் நாவல்களில் மாமிக்குத் தமிழ் ராஜேஷ்குமாரும் தெரியும், மலையாளக் கோட்டயம் புஷ்பநாத்தும் தெரியும். கேரள எல்லைக்காரர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு, இரண்டு மொழிப் பிணமும் கிடைக்கும். அந்தப் படிப்பு முழுவதையும் திரட்டி மாமி ஒரே கேள்வி கேட்டாள்:

“அவனுக்க மொத பெண்டாட்டி எப்பிடிச் செத்தான்னு பக்கத்து வீட்டுல கேட்டாப் போராதா? இதுக்குப் போயி ஒருத்தி கப்பல் ஏறணுமாக்கும்?”

மாமி சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளை விசாரிப்பதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு எந்த இலாகாவும் ஈடில்லை. மார்த்தாண்டத்தில் தேங்காப்பட்டணம் பஸ் ஏறும் மாமி, புதுக்கடையில் இறங்குவதற்குள் பையனின் குடி, கடன், பழைய காதல் மூன்றையும் பக்கத்து சீட்டிலிருந்து கறந்துவிடுவாள். சாயாக்கடையில் கேட்டால் பையனின் குணம் தெரியும். மீன்காரியிடம் கேட்டால் வீட்டின் உண்மையான வருமானம் தெரியும். விடியுமுன்னே ரப்பர் தோட்டத்துக்குள் நுழையும் பால்வெட்டுக்காரருக்கு, யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்பது வரை தெரியும். செலவு ஒரு சாயா, ஒரு ஏத்தன்பழ பஜ்ஜி. சினிமாப் போலீஸோ கப்பல் டிக்கெட், பட்டுப்புடவை, பொய் அப்பா, பொய் மாமா என்று கஜானாவைக் காலி செய்துவிட்டது.

அப்படிச் செலவழித்தும் கேஸ் நிற்காது என்பதுதான் பெரிய பகிடி. இதைச் சொன்னவர் குழித்துறைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்த பெரியப்பா. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், பிரிவு 25: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பிரிவு 29: ஏமாற்றி வாங்கிய ஒப்புதல் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது.

“அப்பம், காதலிக்குத மாதிரி நடிச்சது தப்பில்ல. போலீசுக்காரியா இருந்ததுதான் தப்பு, என்னா?” என்றாள் மாமி.

பெரியப்பா தலையாட்டினார். 2024 ஜூலை முதல் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டன, ஆனால் இந்தச் சங்கதி மாறவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். படத்தின் கடைசியில் சரோஜாதேவி, நடிக்க வந்த தான் நிஜமாகவே காதலித்துவிட்டதாக அழுகிறாரே, அந்த அழுகைக்குப் பிரிவு ஏதும் உண்டா என்று நான் கேட்டேன்.

“இருக்கு, பழைய எண் 122” என்றார். கல்யாணம் ஆகிவிட்டால், தாம்பத்தியத்தில் கணவன் மனைவியிடம் சொன்னதை அவன் சம்மதம் இல்லாமல் அவள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. பொதுவான விதி அது. சந்தேக நபர் மேல் உண்மையாக ஆசை வைத்தவளுக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் ஒரே வாசல். முதலில் தாலி, அப்புறம் வாக்குமூலம்.

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பின்னே என்னத்துக்கு அந்தப் பிள்ள அழுதா? கெட்டிக்கிட வேண்டியதுதானே! கெட்டின பெறவு அவன் எந்தக் கொலையைச் சொன்னாலும் கோர்ட்டுக்குப் போகாதே.”

பெரியப்பா உள்ளறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பெரியம்மா போனில் தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“கோர்ட்டுக்குப் போகாது,” என்றார் குரலைத் தாழ்த்தி. “கூடப்பொறந்தவளுக்குப் போகும்.”